தந்தூர் அடுப்பு வாங்குவோருக்கு

டில்லி, பஞ்சாப், அரியானா முதலிய பகுதிகளில் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களில், சப்பாத்தியானது தோசைக்கு நிகரான இடத்தைப் பெற்று வெகு காலமாகிறது. தந்தூர் ரொட்டி மட்டும் இன்னமும் பெரும்பாலும் கடைச் சரக்காகவே இருந்துவருகிறது. சிறு கொல்லையோ, முற்றமோ, மொட்டை மாடியோ வாய்க்கப்பெற்றவர்கள் முதலில் மெல்லிய தகர அடுப்பு ஒன்றையோ மின்சாரப் பெட்டி ஒன்றையோ வாங்கிப் பார்க்கிறார்கள். இரண்டொரு குளிர்காலம் கழிவதற்குள் தகரம் நெளிந்து, அடித்தட்டு துருவேறி உதிரத் தொடங்குகிறது. மின்சாரப் பெட்டியில் வெந்த ரொட்டியோ, கடை ரொட்டியைப் போல் இல்லை என்று குழந்தைகளே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அதன் பிறகுதான், நாட்பட உழைக்கக்கூடிய தந்தூர் ஒன்றை வாங்கினால் என்ன என்ற எண்ணம் பிறக்கிறது. அவ்வாறு எண்ணுவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

வாங்குவதற்கு முன், அது வேலை செய்யும் விதத்தை அறிந்துகொள்வது அவசியம். தந்தூர் என்பது வாய் குறுகி வயிறு பருத்த ஒரு மண் பாண்டம். நம் ஊர் நெற்குதிரைச் சிறிதாக்கி வைத்தாற்போன்றது. அடியில் ஒரு பக்கமாகச் சிறு துவாரம் உண்டு. காற்று உட்புகுவதும் சாம்பல் வெளிவருவதும் அவ்வழியேதான். அடியில் மூட்டப்படும் கரி நெருப்பு முதலில் சமைப்பது ரொட்டியை அன்று. சுவரையே அது காய்ச்சுகிறது. காய்ந்த சுவர், தான் வாங்கிய வெப்பத்தைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தருகிறது. சுவரில் ஒட்டிய ரொட்டியின் ஒரு புறம் சூடேறிய மண்ணைத் தொட்டு வேகிறது. மறுபுறம் தணலின் கதிர்வீச்சாலும் மேலெழும் வெங்காற்றாலும் வேகிறது. கம்பியில் கோத்த பன்னீரிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ சொட்டும் மசாலாவும் கொழுப்பும் தணலில் விழுந்து புகையாகி மேலே வரும். அதுவே அந்தத் தனி மணத்துக்குக் காரணம். நன்கு மூட்டப்பட்ட தந்தூரின் உட்புறம் 400 டிகிரி செல்சியஸைக் கடந்துவிடும். வீடுகளில் உள்ள சிறிய மின்சார அடுப்புகள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுகின்றன.

தகர அடுப்பின் குறையும் இதனால் விளங்கும். தகரம் விரைவில் சூடேறும்; விரைவில் ஆறியும் போகும். முதல் நான்கு ரொட்டிகள் நன்றாக வரும். ஐந்தாவது, சுவரைப் பற்ற மாட்டாமல் நெருப்பில் விழும். ஆகவே, தந்தூர் வாங்குவோர் விலை கொடுக்க வேண்டியது மண்ணுக்கும் கனத்துக்குமே அன்றி, மேலே போர்த்திய பளபளப்புக்கு அன்று.

இவ்வடுப்பின் பழமையும் வியப்புக்குரியது. ராஜஸ்தானத்தில் உள்ள காலிபங்கனில் 1960 முதல் நடைபெற்ற அகழ்வாராய்ச்சியில், இன்றைய தந்தூரைப் பெரிதும் ஒத்த களிமண் அடுப்புகள் கிடைத்தன. பஞ்சாபின் கிராமங்களிலோ, பலர் கூடிப் பயன்படுத்தும் பொதுத் தந்தூருக்கு 'சாஞ்சா சூல்ஹா' என்று பெயர். மாலை வேளையில் பெண்கள் பிசைந்த மாவுடன் அங்கே கூடுவார்கள். 1947-இல் நாடு பிரிவினையுற்றபோது அகதிகளாக வந்த மக்களோடு இவ்வழக்கமும் டில்லியில் வேரூன்றியது.

இனிக் கடைக்குச் செல்வோம். உருளை வடிவான உலோகக் கூட்டுக்குள் மண் பாண்டத்தைப் பொருத்தி விற்பதே வீடுகளுக்கு ஏற்ற வகை. குடம் வாங்கும்போது தட்டிப் பார்ப்பதுபோல் இதைத் தட்டிப் பார்ப்பதில் பயன் அதிகம் இல்லை. பல தந்தூர்ப் பாண்டங்கள் சூளையில் சுடப்படாமல் வெயிலில் உலர்த்தப்பட்டவையே. அவற்றில் கணீரென்ற ஓசை எழாது. உள்ளே டார்ச் விளக்கை அடித்துப் பார்ப்பதே தகும். மண்ணில் வைக்கோலோ ஆட்டு மயிரோ கலந்து பிசைந்திருப்பார்கள். விரிசல் விடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான். சுவர் ஓர் அங்குலத்துக்குக் குறைந்த கனமுடையதானால் வேண்டாம் என்று சொல்லி வந்துவிடலாம் என்பது நம் அபிப்பிராயம்.

அடுத்தபடியாக, கண்ணுக்குத் தெரியாத பகுதி ஒன்று உண்டு. மண் பாண்டத்துக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையிலுள்ள வெளியை எதைக் கொண்டு நிரப்பியிருக்கிறார்கள் என்று தயங்காமல் கேட்க வேண்டும். மணலும் உண்டு, வெப்பத்தைத் தடுக்கும் செராமிக் பஞ்சும் உண்டு. ஒன்றும் நிரப்பாமல் வெறுமனே மூடிவிடுவோரும் உண்டு! அத்தகைய அடுப்பு கரியை விழுங்கும். வெளிக்கூடும் தொடமுடியாதபடி கொதிக்கும். வாய் விளிம்பில் பாண்டமும் கூடும் சேருமிடத்தில் இடைவெளியின்றிப் பூசப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் உள்ளிறங்கி மண்ணை ஊறவைத்துவிடும்.

சாம்பல் துவாரத்தின் கதவை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பாருங்கள். நெருப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் அந்தச் சிறு கதவுதான். அது இறுகப் பொருந்தாவிடில் அடுப்பு நம் சொற்படி நடக்காது. கால்கள் வெறும் திருகாணியால் முடுக்கப்படாமல் பற்றவைக்கப்பட்டிருப்பது நலம். நடுத்தரமான தந்தூரையே மூவர் நால்வர் கூடித்தான் தூக்க வேண்டியிருக்கும். ஆதலால் உறுதியான சக்கரங்கள் வேண்டும். மாடியில் வைப்பதாயின், வீட்டுக்காரரிடம் முன்னரே பேசிவிடுவது வீண் மனத்தாங்கலைத் தவிர்க்கும்.

பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். ரொட்டியை ஒட்டுவதற்குக் கை உள்ளே போயாக வேண்டும். வாயின் அகலமும் பாண்டத்தின் ஆழமும் ஒட்டுபவரின் கைக்கு இசைந்திருக்க வேண்டும். எனவே, வீட்டில் யார் ரொட்டி போடப்போகிறாரோ அவரையே கடைக்கு அழைத்துச் சென்று, அடுப்பின் முன் நிறுத்தி, கையை விட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டும். பெரியது வாங்கினால் விருந்துக்கு ஆகும் என்று கடைக்காரர் சொல்லுவார். விருந்து ஆண்டில் நான்கு நாள். அன்றாடக் கரிச்செலவோ நம்முடையது.

நல்ல தந்தூரும் முதல் வாரத்தில் கெட்டுப்போகக்கூடும். புதுப் பாண்டத்தின் உட்சுவரில் கடுகெண்ணெய், வெல்லம், அரைத்த கீரை ஆகியவற்றைக் கலந்து பூசுவது இங்குள்ள வழக்கம். அதன் பின், முதல் நாள் ஒரு கைப்பிடித் தணல் அளவே வைத்து மெல்லச் சூடேற்ற வேண்டும்; அடுத்தடுத்த நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மண்ணில் தங்கிய ஈரம் அவசரத்தால் ஆவியானால் சுவர் பிளந்துவிடும். மயிரிழை போன்ற கீறல்கள் தோன்றினால் அஞ்ச வேண்டாம், அவை இயல்பே. சூடான சுவரில் குளிர்ந்த நீரை ஊற்றுவது மட்டும் ஒருபோதும் கூடாது.

இனிச் சொல்லப்போவது விலையைவிடப் பெரிய செய்தி. நம் ஊர் வீடுகளில் அடுப்பின் ஆவி ஓட்டு வழியே போய்விடும். குளிருக்காகக் கதவு சன்னல்களை அடைத்து உறங்கும் வழக்கம் நமக்கு இல்லை. இங்கோ, டிசம்பர் ஜனவரியில், அங்கீட்டி எனப்படும் குமுட்டி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தி குளிர்காலந்தோறும் பத்திரிகைகளில் வருகிறது. எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்னும் வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை அடங்கி அழகாகச் சிவந்து கிடக்கும் தணலும் அதை வெளியிட்டுக்கொண்டேயிருக்கும். எனவே கண்ணாடி அடைத்த பால்கனியிலோ, சமையலறையிலோ, மூடிய வராந்தாவிலோ கரித் தந்தூரை வைக்கவே கூடாது. மழை வந்தாலும் உள்ளே உருட்டிக்கொண்டு வரலாகாது. வாய்க்கு மூடி போட்டு வெளியிலேயே விட்டுவிட வேண்டும்.

தலைநகரில் வசிப்போர் காற்றின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காற்று மாசு மிகும் காலங்களில், உணவு விடுதிகளின் தந்தூர்களில் கரியும் விறகும் எரிக்கத் தடை விதிக்கப்படுகிறது. அந்நாட்களில் வீட்டாரும் கரியைத் தவிர்ப்பதே முறை. இதற்கெனவே, அடியில் எரிவாயு பொருத்தப்பட்ட மண் தந்தூர்கள் கிடைக்கின்றன. சுவர்தான் வேகவைக்கிறது என்பதை மேலே கண்டோம். ஆதலால் அவற்றின் ரொட்டியில் பெரிய குறை ஒன்றும் தோன்றுவதில்லை. அவற்றையும் திறந்த வெளியிலேயே வைத்துப் புழங்குவது நலம்.

ரொட்டி முடிந்ததும் அடுப்பை மறந்துவிடாதீர்கள். சுவரின் சூடு பல மணி நேரம் நிற்கும். முழுக் கத்தரிக்காயைக் கம்பியில் கோத்து இறக்கினால், துவையலுக்கு வேண்டிய சுட்ட மணம் எரிவாயு அடுப்பில் சுட்டதைவிட நன்றாக வருகிறது. பஞ்சாபியர் கறுப்பு உளுந்தைச் சட்டியிலிட்டு, அடங்கிய தணலின்மேல் இரவு முழுவதும் விட்டுவிடுவார்கள். காலையில் அது வெண்ணெய்போல் குழைந்திருக்கும். சாம்பலை மறுநாள் நன்றாக ஆறிய பின்னரே, தகரக் கலத்தில் அள்ள வேண்டும்.