மனசுக்குப் பரீட்சை வைக்காதீங்க!



வெளியே சொல்லக் கூசுகிற ஒரு வியாதியைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் இரண்டாவது குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். அரிவாள்மனையில் காய் நறுக்கும்போதெல்லாம், 'குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ?' என்று ஒரு எண்ணம் வரும். உடம்பே நடுங்கிப் போகும். உடனே எனக்கு நானே பரீட்சை வைப்பேன். கத்தியைப் பார்ப்பேன், குழந்தை முகத்தைப் பார்ப்பேன். 'எனக்குப் பாசம் இருக்கா? அந்த ஆசை வருதா?' வரவில்லை என்றால் ஐந்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் 'சரியாப் பார்த்தியா?' என்று மறுபடியும் சந்தேகம். கயிறு மந்திரித்துக் கட்டியும் தீரவில்லை.

மனநல டாக்டர்தான் விளக்கினார். இதற்கு ஓ.சி.டி., தமிழில் எண்ண சுழற்சி நோய் என்று பெயராம். 1978-ல் லண்டனில் ரேச்மேன் என்பவரும், இலங்கைக்காரரான பத்மல் டி சில்வாவும் ஆராய்ந்தபோது, வியாதி இல்லாதவர்களிலேயே சுமார் 80 சதவீதம் பேர் இப்படி வேண்டாத எண்ணங்கள் தங்களுக்கும் வருவதாகச் சொன்னார்களாம்!

"எண்ணம் வர்றது வியாதி இல்லைம்மா. அதுக்குப் பயந்து சோதிச்சுச் சோதிச்சுப் பார்க்கிறீங்களே, அதுதான் அதை வளர்க்குது" என்றார். 'நான் அப்படிச் செய்வேனாங்க?' என்று கணவரிடம் பத்து தடவை கேட்பதும் பரீட்சைதானாம்.

மாத்திரையோடு ஒரு பயிற்சியும் கொடுத்தார். காய் நறுக்க வேண்டும், குழந்தை கூடத்தில் விளையாட வேண்டும். எண்ணம் வந்தால் விரட்டவும் கூடாது, சோதிக்கவும் கூடாது. அம்பத்தூர் ஸ்டேஷனில் நிற்காத எக்ஸ்பிரஸ் தடதடவென்று போகும்போது நாம் ஓரமாக நின்றுகொள்கிறோமே, அதுபோல விட்டுவிட வேண்டும். முதல் வாரம் உயிர் போய் உயிர் வந்தது. போகப் போகப் பயம் தானாக வடிந்தது. இப்போதும் எப்போதாவது அந்த எண்ணம் எட்டிப் பார்க்கும். 'வந்துட்டியா, சரி' என்று சாம்பாரைக் கிளற ஆரம்பித்துவிடுவேன்.

மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. காதில் குரல் கேட்டாலோ, செத்துப் போகலாம் என்று தோன்றினாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பெண்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை தொலைவில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பார்கள் என்று தயங்காதீர்கள். 1794-லிருந்து எத்தனையோ குடும்பங்களுக்கு உதவி வரும் இடம் அது. போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 2022-ல் தொடங்கிய அரசின் 'டெலி மானஸ்' சேவை இது. இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

'நான் கெட்டவளோ' என்று பயந்து பயந்து சாகிற ஒரு தாய் இதைப் படித்தால், அவளுக்கு ஒரு வார்த்தை: பாசம் இருப்பதால்தான் அம்மா அந்த எண்ணம் உன்னை இவ்வளவு சுடுகிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அம்பத்தூர்.