உஷார்! லாட்ஜ் கட்டிலில் நிர்வாணம் வேண்டாம்

சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் கிளம்புகிற திருநங்கை மகள்களே, பெட்டியில் பட்டுப் புடவையும் மறுநாளுக்கான வெள்ளைப் புடவையும் அடுக்கும்போது இதையும் மனசில் அடுக்கிக்கொள்ளுங்கள். வளையல் கடை நெரிசலில் யாராவது பக்கத்தில் வந்து, ஆணுறுப்பை நீக்கும் நிர்வாண ஆபரேஷனுக்கு "பாதிக் காசு போதும், தெரிஞ்ச டாக்டர்தான், காலையில பண்ணிட்டு சாயந்திரம் கிளம்பிடலாம்" என்று குசுகுசுத்தால், அந்த இடத்தில் நிற்காதீர்கள்.

2022 பிப்ரவரி. நெல்லூரில் ஒரு லாட்ஜ் அறை. அறுவை செய்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பி.பார்ம் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர். படுத்திருந்தவருக்கு வயது 28. ரத்தம் நிற்கவில்லை, உயிர் போய்விட்டது. போலீஸ் வந்தது, கைது நடந்தது, பேப்பரில் வந்தது. அப்புறம் நாம் மறந்துவிட்டோம்.

லாட்ஜுக்கு ஏன் போனார் என்று செத்தவரைத் திட்டுவது சுலபம். ஓ.பி. வரிசையில் ஒரு நாள் எங்களோடு நின்று பாருங்கள்.

நான் நின்றிருக்கிறேன். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். சிறுநீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது, கூடவே எரிச்சல், அடிவயிற்றில் வலி. சீட்டு எழுதுகிறவர் பேர் கேட்டார், வயசு கேட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், பின்னால் திரும்பி "இதுக்கு என்ன போடறது?" என்று சத்தமாகக் கேட்டார். வரிசை மொத்தமும் திரும்பியது. ஆண்கள் பக்கம் போனால் இளிப்பு. பெண்கள் பக்கம் போனால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறார்கள். ஒரு வழியாக உள்ளே போனால், டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்காமல் கேட்ட முதல் கேள்வி, "ஹெச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தாச்சா?" வலி எங்கே என்று அவர் கேட்கவே இல்லை. ஒரு மாத்திரையை எழுதி அனுப்பிவிட்டார்.

எட்டு மாசம் ஓடியது. வேறொரு ஊரில், மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு ஹவுஸ் சர்ஜன் பையன், "ஆபரேஷன் எப்பங்கக்கா ஆச்சு?" என்று கேட்டான். அந்த "ங்க"வில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிறுநீர்ப் பாதை சுருங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்தவன் அவன்தான். நிர்வாணம் ஆன பல பேருக்கு இது வரும். சிறுநீர் மெலிந்து வந்தாலோ, முக்கி முக்கிப் போக வேண்டியிருந்தாலோ என்னை மாதிரி எட்டு மாசம் காத்திருக்காதீர்கள். விட்டால் சிறுநீரகம் வரைக்கும் போகும்.

கல்வராயன்மலைப் பிள்ளை என்றால் பாடு இரட்டிப்பு. வெள்ளிமலையில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்க வேண்டும். பஸ்ஸில் இருக்கிற பாதிப் பேர் தெரிந்தவர்கள். எதற்குப் போகிறாய் என்று கேட்பார்கள். சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தார்கள், அது பெரிய வரம்தான். காய்ச்சலோ, சர்க்கரையோ, எலும்பு முறிவோ, அங்கேயே போங்கள். ஹார்மோன், அறுவைசிகிச்சை என்றால் பெரும்பாலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, கீழ்ப்பாக்கம், மதுரை என்றுதான் அலைய வேண்டியிருக்கிறது. அங்கே காசு கிடையாது. ஆனால் பஸ் டிக்கெட், தங்குமிடம், கடைகளில் காசு கேட்கப் போக முடியாத நாட்களின் சாப்பாடு எல்லாம் யார் தருவது? இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பிள்ளைகள் மெடிக்கல் ஷாப் பக்கம் திரும்புகிறார்கள்.

அடுத்த ஆபத்து அந்த மெடிக்கல் ஷாப்பில்தான். கருத்தடை மாத்திரையை ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று விழுங்கினால் மார்பு சீக்கிரம் வரும் என்று ஒருத்தி சொல்ல, ஊரே விழுங்குகிறது. சீக்கிரம் வருவது மார்பு இல்லை, ரத்தக்கட்டி. அதில் இருக்கிற ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தை உறைய வைக்கிற வகை. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்து, ராத்திரி முழுக்க பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாகி வலித்தால் தைலம் தேய்க்காதே, அமுக்கிவிடவும் சொல்லாதே; கட்டி நகர்ந்து நுரையீரலில் அடைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. மூச்சு வாங்கி நெஞ்சு குத்தினால் 108. என்ன மாத்திரை, எத்தனை என்பதை டாக்டரிடம் மறைக்காதே.

"தாயம்மா கையில பண்ணிக்கிட்ட எங்க நானி எண்பது வயசு இருந்தாங்க" என்று, வீட்டிலேயே நிர்வாணம் செய்துவிடுகிற மூத்த திருநங்கையான தாயம்மாவைப் பற்றி நம் ஜமாத்தில் பேசுவார்கள். உண்மைதான். அதே கையில் போய்ச் சேர்ந்தவர்கள் எழுந்து வந்து கதை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எந்த ஆஸ்பத்திரியானாலும் மேஜையில் ஏறிப் படுக்கும் முன் கேள். டாக்டர் பேர் என்ன, பதிவு எண் என்ன, மயக்க மருந்து யார் கொடுக்கிறார், ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும், டிஸ்சார்ஜ் சம்மரி தருவீர்களா? காகிதம் எதுவும் தர மாட்டோம் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பு. ஆபரேஷன் முடிந்தவர்களுக்கும் ஒன்று: விரை எடுத்த பிறகு ஹார்மோனே போடாமல் விட்டால் எலும்பு தேயும். புரோஸ்டேட் உள்ளேயேதான் இருக்கும். வயசானால் அதையும் பார்க்க வேண்டும்.

திருநம்பித் தம்பிகளுக்கு: கிரேப் பேண்டேஜை நெஞ்சில் இறுக்கிக் கட்டித் தூங்காதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் போட்டால் கரு தரிக்காது என்று நம்பாதீர்கள்.

பெற்றவர்களே, நீங்களும் உஷார். "பிள்ளையை மாத்தித் தர்றோம்" என்று மந்திரவாதி சொன்னாலும் டாக்டர் சொன்னாலும் ஏமாற்று வேலைதான். சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த சுஷ்மா வழக்கைத் தொடர்ந்து, 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமே இந்த "மாற்றும் சிகிச்சை"யைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்துவிட்டது.

திருநங்கைகளுக்கான நலவாரியத்தை 2008-லேயே அமைத்த மாநிலம் இது. திருநருக்காக 2019-ல் வந்த மத்திய சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஹார்மோன், அறுவைசிகிச்சை, காப்பீடு எல்லாவற்றுக்கும் அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. டாக்டர்களின் பாடத்திட்டத்தையும் மறுஆய்வு செய்யச் சொல்கிறது. சீட்டு எழுதுகிற மேஜைக்கு அந்தப் பாடம் இன்னும் வந்து சேரவில்லை.

கூவாகத்தில் மருத்துவ முகாம் கண்ணில் பட்டால் உட்கார். ஹெச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் எடு, அதில் வெட்கமில்லை. அதோடு எழுந்துவிடாமல் பிரஷர், சர்க்கரையையும் பார்க்கச் சொல். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது, மனசு உடைந்து கிடந்தால் 14416.

அந்த வளையல் கடை ஆள் மறுபடி வந்தால், "மயக்க டாக்டர் பேர் என்ன?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி கேள். நீ கேட்டு முடிக்கும் முன்னே ஆள் கூட்டத்துக்குள் காணாமல் போயிருப்பான்.