கல்வெட்டு நுழையாத காடு

கோடிக்கரைக் காட்டில் புலி கிடையாது. சிறுத்தை, கரடி, யானை எதுவும் கிடையாது. வெளிமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, நரி, மனிதர் வளர்ப்பிலிருந்து விடுபட்டுப் பெருகிவிட்ட குதிரைகள், இவைதான். வானத்தை மறைக்கும் நெடுமரங்களும் இல்லை. மணல்மேட்டில் வேர்பிடித்து, கடற்காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து வளர்ந்த பாலை மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் சங்கஞ்செடியும் காரையும் முள்ளை நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனால் வேதாரண்யம் பக்கத்தில் நான் நூலகராக இருந்த கிளை நூலகத்தில், "பயமா இருக்கிற காடு வர்ற கதை வேணும்" என்று கேட்டு வந்தவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்தது பெரும்பாலும் இந்தக் காடு வரும் புத்தகத்தைத்தான். 'பொன்னியின் செல்வன்', இரண்டாம் பாகம்.

கல்கி அந்த நாவலை 1950 முதல் 1954 வரை வாரம்தோறும் எழுதினார். இரண்டாம் பாகம் தொடங்குவதே கோடிக்கரையில்தான். படகுக்காரப் பெண் பூங்குழலி ஓடுகிறாள். வந்தியத்தேவன் துரத்துகிறான். காஞ்சியையும் பழையாறையையும் தஞ்சைக் கோட்டையையும் தன் வாய்ச் சாமர்த்தியத்தால் கடந்து வந்தவன் அவன். வாள் வீச்சில் பயிற்சி உள்ளவன், குதிரையேற்றம் தெரிந்தவன். அந்த வல்லமை எதுவும் இங்கே உதவவில்லை. தரை என்று நம்பிக் கால் வைத்த இடம் சேறு. இறங்கிக்கொண்டே போகிறான். அவள்தான் வந்து இழுத்துக் கரையேற்றுகிறாள்.

இந்த இடத்தை எத்தனை பேர் அனுபவித்துப் படித்திருப்பார்கள்! ஆனால் அந்தச் சேறு எவ்வளவு உண்மையானது என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அவருக்குச் சோறு எடுத்துப் போகும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "வெள்ளையா, காஞ்சாப்புல தெரியிற எடத்துல கால வைக்காத பாப்பா. மாட்டுக் குளம்படி இருக்குற தடத்துலயே வா." கோடை வெயிலில் சதுப்பின் மேற்பரப்பு காய்ந்து, உப்புப் பூத்து, பொருக்காக வெடித்துக் கிடக்கும். பார்த்தால் ஓடி விளையாடலாம் போலிருக்கும். அந்தப் பொருக்குக்குக் கீழே உளை. அது ஒரு காலைத் தாங்காது. பச்சையாகவும் ஈரமாகவும் தெரியும் இடம் பல நேரம் கெட்டியாக இருக்கும். உலர்ந்து தெரியும் இடம்தான் ஏமாற்றும். கண் சொல்வதை இங்கே நம்ப முடியாது.

சினிமாவில் காட்டுவதுபோல ஆள் தலை முழுக மறைந்துபோவது அநேகமாக நடக்காது. சேற்றைவிட மனித உடலின் அடர்த்தி குறைவு. ஓரளவு இறங்கியபின் உடல் மிதக்கத்தான் பார்க்கும். ஆபத்து வேறு விதமானது. காலை வெடுக்கென்று இழுக்கும்போது, கால் விட்டுவந்த இடத்தை நிரப்பச் சேறு உடனே ஓடிவராது. அதனால் கீழிருந்து பிடித்து உறிஞ்சுவது போலிருக்கும். துள்ளத் துள்ள இளகி, இன்னும் உள்ளே வாங்கும். மாட்டிக்கொண்டவர் அசையாமல் நின்று, வெயிலிலோ ஏறிவரும் ஓதத்திலோ இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டும். உளையில் சிக்கியவரைக் காப்பாற்றுவது அவருடைய வலு அல்ல, கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு ஆள்தான். கல்கி அந்த ஆளாக ஒரு பெண்ணை நிறுத்தினார். அதிலிருந்து அந்தக் காடு முழுவதும் அவளுடையதாகிவிடுகிறது. அடர்ந்த புதருக்குள் மறைந்து கிடக்கும் மண்டபம் அவளுக்குத் தெரியும். இரவில் சதுப்பின் மேல் குப்பென்று எரிந்து அணையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளும் அவளுக்குப் பழக்கம். அவற்றைத் தன் காதலர்கள் என்று அவள் காட்டும்போது வந்தியத்தேவனுக்கு உதறல் எடுக்கிறது. இலைதழை நீருக்கடியில் அழுகும்போது உண்டாகும் வாயுக்கள் மேலே வந்து எரிவதாக அந்த ஒளிக்கு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கம் தெரிந்த பிறகும் என்னால் அந்தப் பக்கங்களை நள்ளிரவில் தனியாகப் படிக்க முடிந்ததில்லை. பயம் நெருப்பிலிருந்து மட்டும் வரவில்லை. அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை என்பதிலிருந்தும் வருகிறது.

இந்தக் காட்டுக்குக் கல்கிக்கு முன்பே ஒரு பேர் இருந்தது. சேரமான் பெருமாளுடன் இங்கே வந்த சுந்தரர், இங்கே கோயில்கொண்ட சிவனான கோடிக் குழகரைப் பார்த்து மனம் கலங்கிப் பாடிய பதிகம் தேவாரத்தில் இருக்கிறது. கடற்காற்று வந்து மோதும் கரையில், பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறும் காட்டில், பொல்லாத மனிதர்கள் திரியும் இடத்தில், யார் துணையும் இல்லாமல் ஏன் இப்படிக் குடியிருக்கிறாய் என்று கடவுளைப் பார்த்தே பரிதவிக்கிறார். குழகர் கோயில் இன்றும் இருக்கிறது. பக்தர் ஒருவர் தன் தெய்வத்தின் பாதுகாப்புக்காகக் கவலைப்படும் அளவுக்கு ஒரு காடு! அதைப் படித்துவிட்டுக் கல்கியிடம் போகிறவருக்கு, அவர் காட்டைப் புதிதாக உண்டாக்கவில்லை, ஆயிரம் ஆண்டு அச்சத்தின் மேல் கதையை நட்டார் என்பது விளங்கும்.

இன்னும் பின்னால் போனால் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை. உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும் வழி. காட்டு வழிகளின் தொல்லைகளை மாங்காட்டு மறையவன் ஒருவன் முன்கூட்டியே சொல்லிவைக்கிறான். வழியில் தண்ணீர் தேடிக் கோவலன் ஒரு பொய்கைக் கரையில் தனியாக நிற்கிறான். அப்போது மாதவியின் தோழி வசந்தமாலை அழுதுகொண்டே வந்து அவன் காலில் விழுகிறாள். மாதவி பட்ட துயரத்தைச் சொல்கிறாள். உண்மையில் வந்தது வசந்தமாலை அல்ல, அந்த வடிவில் மயக்க வந்த கானுறை தெய்வம். மறையவன் எச்சரித்தது நினைவுக்கு வர, கோவலன் கொற்றவை மந்திரத்தைச் சொல்கிறான். தெய்வம் தன்னை வெளிப்படுத்திக்கொண்டு விலகிப்போகிறது. அவன் தாமரை இலையில் தண்ணீர் ஏந்திக்கொண்டு கண்ணகியிடம் திரும்புகிறான்.

சஸ்பென்ஸ் எழுத விரும்பும் எவரும் அந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். இளங்கோ அங்கே கோவலன் மீது புலியை ஏவவில்லை. கோவலன் விட்டுவந்த வாழ்க்கையை, அவனால் மறுக்க முடியாத ஒரு முகத்தோடு மரங்களுக்கிடையே நிறுத்தினார். ஊருக்குள் நடந்திருந்தால் அது ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். பொய்கைக் கரையில் ஆள் அரவமற்று நிற்கும்போது, வந்தவள் யார் என்று கேட்டறிய வேறு யாரும் இல்லை. அந்தத் தனிமைதான் ஆபத்து.

சரித்திர நாவலுக்கு வருகிறேன். அதில் காட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன்.

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே உள்ள ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்களைச் சொல்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று வருகின்றன பெயர்கள். அவர்களுடைய, அவர்கள் உறவினர்களுடைய சொத்தும் நிலமும் என்ன ஆயின என்பதுதான் கல்வெட்டுக்கு முக்கியம். பட்டத்து இளவரசனை எங்கே கொன்றார்கள்? எதற்காக? யார் தூண்டினார்கள்? அது கல்வெட்டின் வேலை இல்லை. நம்முடைய கல்வெட்டுகள் பெரும்பாலும் நிலத்தைப் பேசுகின்றன: எத்தனை வேலி, எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, யாருக்கு இறையிலி, எத்தனை நொந்தா விளக்கு. உழுது, அளந்து, வரி விதித்த பூமிதான் கல்லில் ஏறியது. அளக்கப்படாத இடத்தில் இரவில் நடந்த பேச்சைப் பொறித்துவைக்க ஆளில்லை.

அந்த ரவிதாசனைத்தான் கல்கி எடுத்துக்கொண்டார். எடுத்தவர் அவனை எங்கே வைத்தார் பாருங்கள். திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்டில்! கும்பகோணத்துக்குப் பக்கத்தில், மண்ணியாற்றை ஒட்டிய ஊர் அது. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவன் அபராஜிதன், கங்க அரசன் பிருதிவிபதி, ஆதித்த சோழன் ஒரு பக்கமும், பாண்டியன் வரகுணன் மறுபக்கமுமாக நின்று பொருத களம். பிருதிவிபதி அங்கே விழுந்தான். பாண்டியன் தோற்றான். சோழர்களின் எழுச்சி அந்த மண்ணில்தான் வேகம் பிடித்தது. நாவல் நடக்கும் காலத்துக்கும் அந்தப் போருக்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டு. இறந்த கங்க மன்னனின் பள்ளிப்படைக் கோயிலைக் கொடியும் புதரும் மூடிவிட்டதாகக் கல்கி எழுதுகிறார். அங்கேதான் நள்ளிரவில், நாவல் காலத்துப் பாண்டியனின் மெய்க்காவலர்களான ஆபத்துதவிகள் கூடுகிறார்கள். தங்கள் அரசகுலம் தோற்ற அதே மண்ணில், வென்றவர்கள் மறந்துபோன நினைவுச் சின்னத்தின் நிழலில், சோழ குலத்தை வேரறுக்கச் சதி செய்கிறார்கள். சோழர் பக்கத்து ஒற்றன் ஆழ்வார்க்கடியான் மறைந்திருந்து கேட்கிறான்.

ஆட்சி எதை மறக்கிறதோ அங்கே காடு மண்டுகிறது. அங்கேதான் அதன் பகைவர்களுக்கு இடம் கிடைக்கிறது. கல்கி இதை எங்கும் உபதேசமாகச் சொல்வதில்லை. இடத்தேர்விலேயே சொல்லிவிடுகிறார். கல்வெட்டு மௌனமாக இருக்கும் இடமெல்லாம் அவருக்குக் காடு. அந்தக் காட்டில் வழிகாட்டுகிறவர்களும் கல்வெட்டில் இல்லாத மனிதர்கள். ரவிதாசன் பெயராவது கல்லில் இருக்கிறது. பூங்குழலிக்கு அதுவும் இல்லை. அவள் முழுக்கக் கற்பனை. ஆனால் அவளைப் போல ஓதமும் உளையும் தெரிந்த எத்தனையோ பெண்கள் இந்தக் கரையில் வாழ்ந்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

நம் காலக் கதைகளிலும் மரக்கூட்டம் தன் வேலையைச் செய்கிறது. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' படித்தவர்களுக்குத் தெரியும். அதில் வக்கீல்களான கணேஷும் வசந்தும் மரங்களுக்கிடையே பார்ப்பது ஆவியா, விஞ்ஞானத் தந்திரமா என்று கடைசிவரை மனம் ஊசலாடும். சட்டம் படித்த இரண்டு பேர் கண் முன்னால் தெரிவதை நம்பமுடியாமல் நிற்பது, உலர்ந்த பொருக்கைப் பார்த்துக் கால் வைப்பதற்கு மிக நெருக்கமான அனுபவம்.

அண்மையில் வரும் சரித்திர நாவல்களைப் பற்றி எனக்குப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'அடர்ந்த இருண்ட வனம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். என்ன மரம், என்ன மண், எந்த மாதம், காற்று எந்தப் பக்கம் என்று எதுவும் இல்லை. ஒரு கதையில் பத்தாம் நூற்றாண்டு ஒற்றன் சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் பதுங்குகிறான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். சோழர் காலத்தில் இங்கே ஒரு விதைகூடக் கிடையாது. இப்போது கோடிக்கரைப் புல்வெளியிலும் அது பரவி, வெளிமான்கள் மேயும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைய காட்டை மட்டும் பார்த்து எழுதினால் இப்படித்தான் தவறும்.

எழுத விரும்பும் பிள்ளைகள் இப்போதும் என்னைத் தேடி வீட்டுக்கு வருகிறார்கள். முதலில் அவர்களைக் கோடிக்கரைக்குத்தான் அனுப்புகிறேன். 1967 முதல் அது சரணாலயம். வனத்துறையிடம் அனுமதி வாங்கி, உள்ளூர் ஆளோடு போகச் சொல்வேன். சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று ஊரார் காட்டும் செங்கல் கட்டடம் 2004 சுனாமியில் பெரிதும் சிதைந்துவிட்டது. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் எத்தனையோ பழைய மரங்கள் சாய்ந்தன. இருந்தாலும் பாலை மரங்கள் மிச்சம் இருக்கின்றன, சதுப்பு அப்படியே இருக்கிறது. மே மாதம் ஒரு முறை போய் வெடித்த பொருக்கைப் பாருங்கள், மழை முடிந்து பூநாரைகள் வந்திருக்கும்போது இன்னொரு முறை போய் அதே இடத்தைப் பாருங்கள் என்கிறேன். அதன்பின் நேராக உடையார்குடிக்குப் போய், ரவிதாசன் பெயர் இருக்கும் சுவரின் முன்னால் நின்று, அந்தக் கல்வெட்டு சொல்லாமல் விட்ட கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன்.