மாவு புளிக்கும் பெட்டி

மாவை அரைத்தல் நம் கையில் இருக்கிறது; அதனைப் புளிக்கச் செய்தலோ பருவத்தின் கையில் இருக்கிறது. நவி மும்பையின் கோபர்கைரனேயில் குடியேறிய தமிழர், தை மாத விடியற்காலையில் பாத்திரத்தைத் திறக்கும்போது இதனை நன்கு உணர்வர். ஜனவரி இரவுகளில் அப்பகுதியின் வெப்பம் 17 டிகிரி செல்சியஸ் அளவிற்கு இறங்குவதுண்டு. அப்போது மாவு எழும்பாது. மே மாதத்திலோ இரவிலும் 27 டிகிரிக்குக் குறைவது அரிது. விடியுமுன்பே மாவு பொங்கி வழிந்து கடும்புளிப்பாகிவிடும். வீட்டுச் சமையலுக்கு இது சிறு தொல்லை. தாராவியிலும் செம்பூரிலும் இங்கும் மாவும் இட்லியும் விற்று வாழும் குடும்பங்களுக்கோ ஒரு நாள் வருவாய் இழப்பு.

இட்லி மாவை எழும்பச் செய்வது லியூக்கோனோஸ்டாக் என்னும் நுண்ணுயிர் என 1965-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று விளக்கிற்று. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே உள்ள இவ்வுயிர், மாவில் காற்றையும் புளிப்பையும் உண்டாக்குகிறது. குளிரில் அது சோர்ந்துவிடும். வெப்பம் மிகுந்தாலோ புளிப்பு முந்திக்கொள்ளும். ஏறத்தாழ 28 முதல் 30 டிகிரி வரை இதற்கு ஏற்றது.

இவ்வெப்பத்தை ஆண்டு முழுவதும் நிலைநிறுத்த ஒரு பழைய குளிர்பதனப் பெட்டியே போதும். அதன் சுவர் குளிரைக் காப்பது போலவே சூட்டையும் காக்கும். ஆனால் அதிலுள்ள திருகு, உணவைக் குளிர வைக்கும் அளவுக்கே அமைந்தது. ஆகவே வெளியே ஒரு டிஜிட்டல் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். மும்பை லாமிங்டன் சாலைக் கடைகளில் எஸ்.டி.சி.-1000 போன்றவற்றைக் கேட்டுப் பெறலாம். பெட்டியின் பழைய திருகை மிகுகுளிர் நிலையிலேயே விட்டுவிட வேண்டும். இனி ஆட்சி புதிய கருவியினுடையது.

இக்கருவிக்கு வெப்பத்தை உணரும் முனை ஒன்றும், ஆணையிடும் இணைப்புகள் இரண்டும் உண்டு. ஓர் இணைப்பு பெட்டியின் கம்ப்ரஸரை இயக்கும். மற்றொன்று பெட்டிக்குள் வைத்த 40 வாட் குண்டு பல்பை எரியச் செய்யும். எல்.இ.டி. விளக்கு போதிய சூடு தராது. இவ்விணைப்புகள் தாமே மின்சாரம் தருவன அல்ல; திறந்து மூடும் சுவிட்சுகளே. ஆகவே பேஸ் கம்பியை அவற்றின் வழியே கொண்டுசெல்ல வேண்டும். இது 230 வோல்ட் வேலை. எர்த் இணைப்புடன் மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

உணரும் முனையைப் பெட்டியின் காற்றில் தொங்கவிடுதல் தவறு. கதவைத் திறந்ததும் காற்று மாறும், மாவு மாறாது. முனையை மாவுப் பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டி, மேலே மடித்த துணியைச் சுற்றிக் கட்டுக. அதன் மெல்லிய கம்பி கதவின் ரப்பர் ஓரத்தின் வழியே வெளிவரட்டும். சுவரில் துளையிட வேண்டா. உள்ளே குளிர்வாயுக் குழாய்கள் மறைந்துள்ளன.

இனி எண்களைப் பதிக்கலாம். வெப்பம் 29, ஏற்றத்தாழ்வு 1 டிகிரி. கம்ப்ரஸர் நின்றபின் மீண்டும் இயங்கக் குறைந்தது 3 நிமிடம் பொறுக்கும்படி அமைக்க வேண்டும். குழாயில் அழுத்தம் தணியுமுன் ஓடத் தொடங்கினால் மோட்டார் கெட்டுவிடும்.

மாவு எழும்பிய பின் எண்ணை 4 ஆக மாற்றினால், அதே பெட்டி மாவைக் காக்கும். ஆனால் நிறைந்த பாத்திரம் குளிரச் சில மணி நேரம் ஆகும். அதுவரை புளிப்பு வளரும். ஆதலின் முழுதும் எழும்புவதற்குச் சற்று முன்பே எண்ணை மாற்றுதல் நன்று.

முதல் இரவில் மாவை வைக்காமல், அதே பாத்திரத்தில் நீர் நிரப்பி வைத்துச் சோதித்தல் அறிவுடைமை. விடியலில் வேறோர் உஷ்ணமானியால் நீரை அளந்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒத்திருந்தால் அடுத்த இரவு மாவை நம்பி வைக்கலாம். தை மாதத்திலும் விற்பனைக்குரிய மாவு விடியலில் எழும்பி நிற்கும்.