சிறையிலிருந்து நிதி அமைச்சுக்கு



கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்லை 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவு செய்த இளம் இடதுசாரி, கலாநிதி என். எம். பெரேரா. பிரித்தானிய ஆட்சி 1940இல் அவரைச் சிறையில் அடைத்தது. 1942இல் கண்டிச் சிறையிலிருந்து தப்பி இந்தியா சென்றார், அங்கும் பிடிபட்டார்.

1947இல் பாராளுமன்ற எதிர்க்கட்சித் தலைவரானார். 1954இல் கொழும்பு மாநகர முதல்வர், 1964இல் நிதி அமைச்சர். ஆனால் சில மாதங்களிலேயே அந்த அரசாங்கம் கவிழ்ந்தது.

1970இல், தேயிலையும் இறப்பரும் விளையும் எட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினராக அதே அமைச்சுக்குத் திரும்பினார். பதுக்கிய பணத்தை வெளிக்கொணர, 50 ரூபாய், 100 ரூபாய் தாள்களைச் செல்லாதவையாக்கினார்.

1975இல் ஆளும் கூட்டணி முறிய அமைச்சுப் பதவி போனது. 1977 தேர்தலில் தொகுதியும் கைவிட்டது.