கொள்ளிடத்துக்கு அக்கரையில்

திருக்காட்டுப்பள்ளியில் காவிரியை விட்டுக் குடமுருட்டி பிரிகிறது. இங்கே பனிக்காலப் பறவை பார்க்க அந்தக் காலத்தில் யாரும் பயணம் போனதில்லை. கொல்லையைத் தாண்டினால் வயல். ஐப்பசி மழையோடு உள்ளான் கூட்டம் வரப்போரம் இறங்கும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசை கட்டும். வாலாட்டி களத்துமேட்டில் ஓடும்.

வந்தவற்றை எல்லோரும் ரசித்தார்கள் என்று எழுதினால் அது புளுகு. நடவு வயலை இரவோடு இரவாக உழப்பிவிடும் சிறகிகளை விவசாயி தகரம் தட்டி விரட்டினார். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு உள்ளான் சுடுவது பொழுதுபோக்கு. நம்மாட்களுக்கு அது கறி. கண்ணி வைத்துப் பிடித்த உள்ளானையும் மடையானையும் சாலையோரத்தில் காலைக் கட்டி விற்றதை ஊரில் வயதானவர்கள் கூச்சமில்லாமல் சொல்வார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. வந்த அன்றே கண்ணிகள் காணாமல் போய்விடவில்லை.

இன்று மார்கழி ஞாயிறு என்றால் பைனாகுலரும் கட்டுச்சோறுமாகக் கார் கிளம்புகிறது. திருவையாறு, விளாங்குடி, கொள்ளிடப் பாலம், திருமானூர், அங்கிருந்து கரைவெட்டி. பறவைகள் வரும் ஏரிதான். 1990-களின் கடைசியில் சரணாலயமாயிற்று, 2024 ஜனவரி கடைசியில் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் 454 ஹெக்டேர். 198 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்து, இமயமலைக்கு மேலாகப் பறந்து வரும் வரித்தலை வாத்துதான் இங்கே எல்லோரும் தேடும் ஆள். கண்ணியில் சிக்கிய பறவைகளின் விற்பனையைப் பார்த்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பொங்கல் விடுமுறையில் பறவைகளை எண்ணிப் பட்டியல் போடுகிறார்கள். இந்த ஒரு மாற்றத்துக்காகவே காலம் மாறியதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் கரைவெட்டி பறவைக்காக வெட்டிய ஏரி அல்ல, பாசன ஏரி. காவிரியில் பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர்த் தண்ணீர் வரும், மழை மிச்சத்தை நிரப்பும். மார்கழியில் ஏரி தளும்பினால் ஊசிவால் வாத்துக்கும் கிளுவைக்கும் கொண்டாட்டம். அவற்றுக்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். உள்ளான்களுக்கு அவ்வளவு ஆழம் ஆகாது. அலகு விட்டுத் துழாவச் சேறு வேண்டும். மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் போகப் போக, ஏரியோரம் அங்குலம் அங்குலமாகச் சேறு வெளிப்படும், உள்ளான்களின் முறை வரும். நெல்லுக்காக வகுத்த கணக்கு இரண்டு கூட்டத்துக்கும் சோறு போடுகிறது. வரித்தலை வாத்தோ பகலில் ஏரியில் தங்கிவிட்டு, இரவில் சுற்றுவயல்களில் மேய்கிற பேர்வழி. சரணாலயப் பலகைக்கு வெளியே இருக்கும் நிலமும் அதற்குச் சாப்பாட்டு அறைதான்.

அந்தக் கணக்கு மேட்டூரில் பிசகினால் இங்கே தெரியும். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் வழக்கமான ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை. 2020-ல்தான் தேதி மீண்டது. இடையில் 2016-ல் வடகிழக்குப் பருவமழையும் கைவிட்டது. வயல் காய்ந்த வருஷத்தில் வாத்துக்கு மட்டும் ஏரி தளும்புமா?

எங்கள் பக்கத்து வயல்களும் பழைய வயல்கள் அல்ல. பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் அடித்த சேற்றில் உள்ளானுக்கு என்ன மிஞ்சும்? டிராக்டர் உழுகிற இடத்தில் கொக்குகள் இன்னமும் பின்னாலேயே நடக்கின்றன. நத்தைக்குத்தி நாரைகளையும் பார்க்கலாம். அவை ஊர்க்காரப் பறவைகள். தூரதேசத்து விருந்தாளிகளைப் பார்க்கத்தான் ஆறு தாண்ட வேண்டியிருக்கிறது.

ராம்சார் பெயர் வந்துவிட்டதால் பாசனத்தை ஒதுக்கிவிட்டு ஏரியைப் பறவைக்கே விட வேண்டும் என்று சிலர் ஆர்வத்தில் பேசுகிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ராம்சார் ஒப்பந்தமே ஈரநிலத்தை அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறதே தவிர, பூட்டிவைக்கச் சொல்லவில்லை. ஆயக்கட்டுக்காரர்களுக்குத் தண்ணீர் தேவைப்படும் வரைதான் புள்ளம்பாடி வாய்க்காலைத் தூர்வாரச் சொல்லி யாராவது அதிகாரிகள் முன்னால் சத்தம் போடுவார்கள். வாத்துகள் மனுக் கொடுக்கப் போவதில்லை.