மடத்துத் தோட்டத்தில் பூத்த வெள்ளை

பட்டாணியில் ஊதாப் பூப் பூக்கும் இனமும் உண்டு. வெள்ளைப் பூப் பூக்கும் இனமும் உண்டு. இவ்விரண்டையும் இணைத்தால் பிறக்கும் செடி எந்நிறத்தில் பூக்கும்? வெளிறிய ஊதா என்றே நம்மில் பலர் விடையளிப்போம். பாலில் சாயத்தைக் கலந்தால் நிறம் மங்கத்தானே செய்யும்! பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளில் அவ்வாறே கலந்துவிடுகின்றன என்று அந்நாளைய அறிஞர் பலரும் எண்ணியிருந்தனர்.

இன்றைய செக் நாட்டின் புர்னோ நகரில், அகுஸ்தீன் சபை மடத்தில் வாழ்ந்த அருட்தந்தை கிரகோர் மெண்டல் இதனைச் செய்தே பார்த்தார். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாதவர் அவர். எண்ணிக் கணக்கிடுவதிலோ சலியாதவர். 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமுமே கொண்ட தோட்டத்தில், 1856 முதல் 1863 வரை உழைத்தார். மொட்டு விரியுமுன் அதைப் பிரித்து, மகரந்தப் பைகளைக் கிள்ளி எறிந்து, வேற்றினச் செடியின் மகரந்தத்தை இட்டார். முதல் தலைமுறை முழுவதும் ஊதாவாகவே பூத்தது. அப்படியானால் வெள்ளை அழிந்தொழிந்ததோ? இல்லை. அச்செடிகள் தம் மகரந்தத்தாலேயே காய்த்தபின், அடுத்த தலைமுறையின் 929 செடிகளில் 705 ஊதாவாகவும் 224 வெள்ளையாகவும் பூத்தன. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! ஒரு தலைமுறை ஒளிந்திருந்த வெள்ளை, ஊதாவின் சாயல் சிறிதும் படியாமல் மீண்டுவந்தது. தாய் வழி ஒன்றும் தந்தை வழி ஒன்றுமாக வரும் கூறுகள் ஒன்றில் ஒன்று கரைந்துபோவதில்லை என்பது இதனால் புலனாயிற்று.

1866இல் இம்முடிவுகள் அச்சேறின. பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1884இல் மெண்டல் மறைந்தார். 1900இல்தான் உலகம் விழித்துக்கொண்டது.

அந்த வெள்ளையின் மூலகாரணம் தெரிய 2010 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊதா நிறம் தருவது ஆந்தோசயனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் மரபணுக்களை இயக்கிவைக்க ஆணை மரபணு ஒன்று உண்டு. வெள்ளைப் பூவில் அம்மரபணுவின் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது; 'ஜி' இருக்கவேண்டிய இடத்தில் 'ஏ'! அதனால் ஆணை பாதியில் முறிந்துபோகிறது. சமைப்பவர் அனைவரும் இருந்தும், அடுப்பை மூட்டச் சொல்ல ஆளில்லாத வீட்டைப் போன்றது அப்பூ. வெண்மை என்பது அங்கே ஒரு சாயமன்று, சாயமின்மையே.

இத்தகைய பழுது குறையாகவே முடிந்துவிடுவதும் இல்லை. தென் அமெரிக்காவின் காட்டுப் பெட்டூனியாக்களில் ஊதா இனத்தைத் தேனீக்கள் நாடுகின்றன; வெள்ளை இனத்தை இரவில் பறக்கும் பருந்து அந்துப்பூச்சிகள் நாடுகின்றன. இந்த வெள்ளையும் ஆணை மரபணு ஒன்று பழுதுற்றதால் வந்ததே. பழுதற்ற மரபணுவை ஆய்வாளர் அவ்வெள்ளைச் செடியில் புகுத்தியபோது, பூ இளஞ்சிவப்பாயிற்று. அந்துப்பூச்சிகள் அதைவிட வெள்ளைப் பூவையே விரும்பின. இளஞ்சிவப்புப் பூவை வண்டுத்தேனீக்கள் தேடிச் சென்றன.